உவர்மண்ணில் ஒரு வளர்ப்பு

யாழ்ப்பாணக் கோட்டை பின்னால் போனதும் பண்ணைப் பாலம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். தடிகள் நாட்டிக் கட்டிய களங்கண்டி வலைகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கின்றன. சோளகக் காற்று பஸ்ஸின் யன்னல் வழியே உப்பை அள்ளிக்கொண்டு வருகிறது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று நடத்துநர் கூப்பிடக் கூப்பிட, கடகங்களோடும் உரப்பைகளோடும் ஆட்கள் இறங்குகிறார்கள். அடுத்தது வேலணை.

அம்மா நெடுந்தீவில் பிறந்தவர். வேலணையில் வாழ்க்கைப்பட்டவர். நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து என்னைப் பெற்றவர். கடைசியில் ரொறன்ரோவில், பனிக்காலம் ஒன்றில் கண்ணை மூடினார். ஆட்டைத் திவசம் முடிந்த பின்னர், அவருடைய காலடி பட்ட இந்த மூன்று தீவுகளையும் பார்த்து வரப் புறப்பட்டேன். நான் எப்படி வாழ்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு இருக்கும் பதில் எல்லாம் அம்மாவிடமிருந்து வந்தவை. அம்மாவுக்கு அவை எங்கிருந்து வந்தன என்று நேரில் பார்க்க வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம்.

தீவகத்தின் கடந்த நூற்றாண்டு வாழ்க்கையை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆண்களில் பலர் வியாபாரத்துக்காக வெளியே போனவர்கள். கொழும்பு, கண்டி, பதுளை, காலி என்று தென்னிலங்கையின் பட்டணங்களில் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் சுருட்டுக் கடையும் நடத்தினார்கள். வருஷப் பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார்கள். மற்ற மாதங்களில் மணியோடர் வரும், கடிதம் வரும். வளவைக் காத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், ஆடு வளர்த்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் பெண்கள். தீவின் பிள்ளைகளில் பலர் தாய் ஒருவரின் வளர்ப்பில் ஆளானவர்கள். நானும் அப்படித்தான்.

வேலணையில் எங்கள் வளவின் படலை இருந்த இடத்தில் இப்போது இரண்டு பூவரசுகள் நிற்கின்றன. வீட்டின் கூரை போய்விட்டது. குசினிச் சுவர் மட்டும் நெஞ்சளவு உயரத்துக்கு மிஞ்சியிருக்கிறது. ஆனால் முற்றத்தில் எந்த இடத்தில் பாய் விரித்து இருந்தோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பின்நேரங்களில் அந்தப் பாயில் நான் அயலவர்களுக்காகக் கடிதம் எழுதுவேன். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிமார், மாமிமார் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, கொழும்பில் இருக்கும் புருஷனுக்கோ மகனுக்கோ சொல்ல வேண்டியதைச் சொல்லுவார்கள். பத்து வயதுப் பிள்ளை நான் அதை எழுத வேண்டும். கடன், நோய், கோபம், சந்தேகம், ஆசை எல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தன.

அம்மா அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். “சொன்னதை எழுது. எழுதினதை மற.” ஒருமுறை பக்கத்து வளவு மாமி சொன்ன ஏதோ ஒன்றை நல்ல வார்த்தையாக மாற்றி எழுதப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து அந்தத் தாளைக் கிழிக்கச் செய்தார். “அவவின்ர கோவம் அவவுக்குச் சொந்தம், பிள்ளை. அதைத் திருத்த நீ ஆர்?” என்றார். இன்று நான் ரொறன்ரோவின் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் சொன்னதை நோயாளிக்கும் நோயாளி சொன்னதை மருத்துவருக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அறையை விட்டு வெளியே வந்ததும் அதை யாருக்கும் சொல்லக் கூடாது. இதற்கென்று நடந்த பயிற்சி வகுப்பில் எனக்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை. வேலணையின் பாயில் அம்மா எல்லாவற்றையும் முன்னமே படிப்பித்து முடித்திருந்தார்.

வளவின் பின்பக்கம் கிணறு இருக்கிறது. துலாவும் துலாக்காலும் இல்லை. கட்டு வெடித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருந்தது.

தீவுகளின் வாழ்வு இந்தத் தண்ணீரில் நிற்கிறது. இங்கே ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் ஆண்டு முழுமைக்குமான சொத்து. அந்த மழை மணலுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. அதனால் மேலே நிற்கிறது. அளவோடு அள்ளினால் அந்தப் படை அடுத்த மாரி வரை தாங்கும். ஆசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பு இறங்குவதற்கு எத்தனையோ மாரிகள் வேண்டும். சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் நல்ல தண்ணீர் தருவதற்கும், கொஞ்சத் தூரம் தள்ளியதும் வாயில் வைக்க முடியாத உவராகப் போவதற்கும் காரணம் இதுதான்.

அம்மா புவியியல் படித்தவர் அல்லர். ஆனால் விடியவும் பொழுது சாயவும் மட்டும் தண்ணீர் அள்ள வேண்டும், மத்தியானத்தில் கிணற்றைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். “அது ஊறட்டும். கிணத்துக்கும் மூச்சு விட நேரம் வேணும்” என்பார். வாளி அடி மண்ணில் முட்டக் கூடாது. முகம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு. குடிக்கும் தண்ணீருக்கு அரை மைல் நடந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போவோம். அங்கே வரிசை உண்டு. பெரிய குடத்தோடு வந்தவர் சிறிய குடத்தோடு வந்த கிழவிக்கு முதலில் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். தேவைக்கு மேல் எடுப்பது களவு என்று அம்மா ஒருநாளும் எங்களுக்கு வாயால் சொன்னதில்லை. கிணற்றடியில் அவரோடு நின்றே அதைப் படித்தோம். கனடாவில், உலகத்தின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையில் குடியிருந்தபோதும், சுடுதண்ணீர் வரும்வரை குழாயில் ஓடும் குளிர்ந்த நீரை ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பூச்சாடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊர்காவற்றுறைக்குப் போனேன். வன்னியில் பிடித்த யானைகளை இந்தத் துறையிலிருந்துதான் போர்த்துக்கேயர் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்குப் பாய்மரக் கப்பல்கள் இங்கிருந்து ஓடின. பக்கத்துக் கரம்பொனில்தான் 1913ஆம் ஆண்டு தனிநாயகம் அடிகள் பிறந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமானவர், எழுத்தறிந்தது இந்த ஊரில். இப்போது இறங்குதுறையில் காரைநகருக்குப் போகும் ‘பாதை’ என்ற மிதவை ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நிற்கிறது. எதிரே கடலுக்கு நடுவில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களின் தண்ணீர் போனது, கோட்டை பணிந்தது. பள்ளியில் கேட்ட இந்தக் கதையை அம்மா எங்களுக்கு அடிக்கடி சொல்வார். “பீரங்கிக்கு நிண்ட கோட்டை, தண்ணி இல்லாமல் நிக்கேல்லை” என்று முடிப்பார்.

வேலணையிலிருந்து பாலம் கடந்து புங்குடுதீவு. தெருவின் இருபுறமும் கதவில்லாத, கூரையில்லாத கல்வீடுகள். அறைகளுக்குள் ஆலும் வேம்பும் வளர்ந்து நிற்கின்றன. 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளில் தீவகத்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் குடாநாட்டுக்கு ஓடினார்கள். பலர் திரும்பவில்லை. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தன் தொகுதிக்குக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று பெயர் வைத்தது இந்த வெறுமையைக் கண்டுதான். நாங்களும் அந்த நாள்களில்தான் வேலணையை விட்டோம். அம்மா எடுத்துக்கொண்டவை காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், எங்கள் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், ஒரு சின்னப் பானை. நகை அதற்கு முன்பே போய்விட்டது. 1983 ஆடியில் கொழும்பில் அப்பாவின் கடை எரிந்தபோது கடனை அடைக்க அம்மா கழற்றிக் கொடுத்தார். அகதியாகத் தங்கிய பள்ளிக்கூட மண்டபத்தில் முதல் விடியலிலேயே எங்களை எழுப்பி, வாங்கு ஒன்றை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, வாய்ப்பாடு சொல்ல வைத்தார். சுற்றி இருந்த பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு வகுப்பே நடந்தது.

புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு இங்கிருந்து. சோளகக் காலத்தில் நெடுந்தீவுக் கடல் குழம்பும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், கோழிக்குஞ்சுப் பெட்டிகள் நடுவே இருந்தேன். இந்தக் கடலில் போகிற எவரும் குமுதினியை நினைக்காமல் போக முடியாது. 1985 மே 15 காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவு மக்கள் கூடி நினைவேந்துகிறார்கள்.

அந்தக் கொலை நடந்து சில வாரங்களுக்குள் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் படகேறினார். அம்மம்மா தனியாக இருந்தார். அவரைப் பார்க்க வேண்டும். அயலில் எல்லோரும் மறித்தார்கள். “தாயைப் பாக்கப் போற வழியை விட்டுக் குடுத்தால் பிறகு எந்த வழி மிஞ்சும்?” என்று அம்மா கேட்டார். படகில் எங்களை மடியோடு அணைத்துக்கொண்டு, பயம் காட்டாமல், கரையில் தெரியும் கோயில்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். துணிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த வரையில் அது அன்று அம்மாவின் குரல்தான். அந்தத் துணிவில் வெறுப்பு கலக்காமலும் பார்த்துக்கொண்டார். செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று சொல்வார். செய்யாதவர்களை அந்தக் கணக்கில் சேர்த்துப் பேச எங்களை விடமாட்டார்.

மாவிலித்துறையில் இறங்கியதும் நெடுந்தீவு தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. மற்றத் தீவுகளில் கிடுகு வேலி, பனையோலை வேலி. இங்கே கல்மதில். கடல் தந்த முருகைக்கற்களைச் சாந்து எதுவும் வைக்காமல், ஒன்றின் இடுக்கில் ஒன்றைப் பொருத்தி அடுக்கிய மதில்கள் தீவு முழுக்க ஓடுகின்றன. ஓட்டோக்காரத் தம்பி, “அக்கா, முதலில குதிரையைப் பாப்பமா, பெருக்கமரத்தைப் பாப்பமா?” என்று கேட்டார். ஐரோப்பியர் காலத்தில் வளர்த்து விடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை தெற்கு வெளியில் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் அவை தண்ணீருக்கு அலையும். ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரம் ஒன்று, உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்தோடு நிற்கிறது. ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவும் புறாக்கூடும் பார்க்கத் தகுந்தவை. எல்லாவற்றையும் பார்த்தேன். என் கண் மதில்களிலேயே நின்றது.

அம்மா பிறந்த வளவில் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை, என் சின்னம்மா, இப்போதும் இருக்கிறார். படலையில் என்னைக் கண்டதும், “கொம்மாவின்ர நடையெல்லே இது!” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஒடியல் கூழ் காய்ச்சி வைத்திருந்தார். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் சேர்ந்த காரமான கூழ். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார். பனங்கிழங்கைக் கீறிக் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கினால் கூழ். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனம்பழத்தைப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. மழை பொய்த்த வருஷத்திலும் பட்டினி இல்லாமல் பிள்ளை வளர்த்த சமையல் இது. பனையில் எதையும் எறியக் கூடாது என்ற அம்மாவின் விதி சின்னம்மாவின் பேச்சிலும் அப்படியே இருந்தது.

மதிலைப் பற்றிக் கேட்டேன். மாரி முடிந்ததும் சில இடங்களில் கல் சரியும், பிள்ளைகள் திரும்ப அடுக்க வேண்டும், அதுதான் அந்த வீட்டில் தை மாத வேலை என்றார். “கொம்மா கல்லை வைக்கிறதுக்கு முதல் திருப்பித் திருப்பிப் பாப்பா. எல்லாக் கல்லுக்கும் ஒரு இடம் இருக்கு, அவசரப்பட்டால் தெரியாது எண்டுவா.” இதைக் கேட்டபோது எனக்கு என் தம்பி நினைவுக்கு வந்தான். படிப்பு ஏறாத பிள்ளை என்று ஊரே சொன்னது. அம்மா அவனை ஒருநாளும் எங்களோடு ஒப்பிடவில்லை. அவனுக்குப் பழுதுபட்ட மணிக்கூடும் சைக்கிளும் கொடுத்துப் பார்த்தார். இன்று அவன் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் மற்றவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறான். அம்மாவின் வளர்ப்பு அந்த மதிலைப் போன்றது. பூசி மறைத்தது எதுவும் இல்லை, ஒவ்வொரு கல்லும் அதன் வடிவத்தோடே நின்றது.

திரும்பும் வழியில் நயினாதீவு. நாகபூஷணி அம்மனின் கோபுரம் படகிலிருந்தே தெரிகிறது. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களும், பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து அம்மன் முன் கிடத்துகிறவர்களும் ஆண்டு முழுவதும் இங்கே உண்டு. கொஞ்சத் தூரத்தில் நாகவிகாரை. ஒரே படகில் திருநீறு பூசியவர்களும் வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்களும் வந்து, கரையில் பிரிந்து, அவரவர் சன்னிதிக்குப் போகிறார்கள்.

மணிமேகலை காப்பியம் சொல்லும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கோமுகிப் பொய்கையில் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது அங்கேதான். பசித்தவருக்கெல்லாம் சோறிட்ட அந்தப் பெண்ணின் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். மாதவி நினைத்திருந்தால் மகளை ஆடல் அரங்குக்கு அனுப்பியிருக்கலாம். பாட்டி சித்திராபதி கேட்டதும் அதைத்தான். மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே சொல்லி, வேறு வழியில் நடத்தினாள். தான் அடைந்த துன்பத்தைப் பிள்ளைக்குச் சொத்தாகக் கொடுக்காத தாய் அவள். எங்கள் இலக்கியத்தில் வளர்ப்பின் பெருமையைச் சொல்ல எனக்கு மாதவியை விட்டால் வேறொருவர் இல்லை.

அந்த அமுதசுரபியின் பெயரிலேயே நயினாதீவில் அன்னதான மண்டபம் இருக்கிறது. நானும் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். வேலணையை விட்டு ஓடியபோது அம்மா தூக்கிவந்த சின்னப் பானை, பிடியரிசிப் பானை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் போடுவார். வருஷம் முடிய அது இந்த அன்னதானத்துக்கு வரும். அகதி முகாமிலும் அவர் அந்தப் பிடியை நிறுத்தவில்லை. “எங்களுக்கே காணாதே அம்மா” என்றால், “ஒரு பிடி குறைஞ்சதால ஆரும் செத்ததில்லை, ஒரு பிடி கிடைச்சதால பிழைச்சவை உண்டு” என்பார்.

நாகபூஷணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டவர் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவருக்கும். வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் வகுக்கிறது. கடலில் அடிபட்டு வந்தவனை முழுதாகக் கொள்ளையடிக்காதே என்ற அறம், எட்டு நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கரையில் கல்லில் நிற்கிறது. முன்பு ஒருமுறை சிங்கள யாத்திரிகப் பெண் ஒருவர் களைத்து நின்றபோது, மொழி தெரியாமலேயே செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டிய அம்மாவுக்கு அந்தக் கல்வெட்டு தெரியாது. ஆனால் அது சொல்வது தெரியும்.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுதியானது இதுதான். அம்மாவின் சிக்கனம், பொறுமை, வாய் அடக்கம், துணிவு, ஈகை எல்லாம் அவருடைய நல்ல குணம் மட்டும் அல்ல. உவர்மண்ணில், குறைந்த தண்ணீரில், ஆண்கள் தொலைவில் இருக்க, அடுத்த படகு வருமோ வராதோ என்ற நிலையில் வாழ்ந்த தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் சேர்த்த அறிவு அது. அம்மா அதைத் தன் தாயிடம் பெற்றார். நாங்கள் அம்மாவிடம் பெற்றோம். ஆள் இல்லாத தீவில் அந்த அறிவு தானாக நிற்காது.

ஆகவே தீவகத்தில் பிறந்து தொலைவில் வாழும் என் சகோதரர்களிடம் சில வேண்டுகோள்கள். ஊர்க் கோயில்களுக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை அடுத்த மாரிக்கு முன்னர் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் கேணிகளுக்கும் ஒதுக்குங்கள். தூர்வாரிக் கட்டித் தாருங்கள். நன்னீரைத் தாங்கி நிற்கும் மணலை அள்ளி விற்பதை எங்கே கண்டாலும் எதிர்த்து நில்லுங்கள். பிள்ளைகளைத் திருவிழாவுக்கு மட்டும் கூட்டி வராதீர்கள். உங்கள் தாய் தண்ணீர் அள்ளிய கிணற்றடிக்கும் கூட்டிப் போங்கள். தாய் உயிரோடு இருக்கிறவர்கள் இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். அவர் எப்படிச் சமைத்தார், எப்படிச் சேமித்தார், எப்படி உங்களை ஆளாக்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.